தெர்மோஸ்டாட் இல்லாத வண்டி: ஹைவேயில் குளிரும், மலையில் கொதிக்கும்

சித்தப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக் ஒன்று. புகார் இரண்டு, இரண்டும் எதிரெதிர். அவிநாசி தாண்டி சேலம் ஹைவேயில் 80-இல் சீராகப் போனால் டெம்பரேச்சர் முள் நடுவுக்கே வராது, கீழேயே படுத்துக் கிடக்கும். அதே வண்டி மேட்டுப்பாளையம் தாண்டி கல்லாறில் ஏற்றம் பிடித்தால், குன்னூர் போய்ச் சேர்வதற்குள் முள் சிவப்புப் பக்கம் நகர ஆரம்பித்துவிடும், அப்புறம் ஏசியை அணைத்து, கண்ணாடியை இறக்கி, ஓரம் கட்டி நிற்க வேண்டியதுதான். மைலேஜும் 17 கிடைக்க வேண்டிய இடத்தில் 14.

மலையில் சூடாவதைத்தான் அவர் பெரிதாகச் சொன்னார். ஹைவே விஷயத்தைக் கோளாறாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "முள்ளு கீழ கெடந்தா நல்லதுதான கண்ணு, இன்ஜின் கூலா இருக்குதுன்னுதான அர்த்தம்?" எனக்கோ அந்தக் கீழே கிடக்கிற முள்தான் முதலில் உறுத்தியது.

இன்ஜினுக்குக் குளிர்ச்சி வேண்டாம், சரியான சூடு வேண்டும். அதைப் பிடித்து வைப்பதுதான் தெர்மோஸ்டாட்டின் வேலை. உள்ளே ஒரு சின்னப் பித்தளைக் குப்பியில் மெழுகு இருக்கும், சூடேறி உருகினால் விரியும், விரியும்போது ஸ்பிரிங்கை அழுத்தி வால்வைத் திறக்கும். மின்சாரம் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. இந்த இன்ஜினுக்கு உள்ளது 82 டிகிரியில் திறக்க ஆரம்பித்து 95-இல் முழுசாகத் திறக்கும் வகை. 82 வரும்வரை கூலன்ட் (இன்ஜின் சூட்டை எடுத்துச் செல்லும் திரவம்) இன்ஜினுக்குள்ளேயே சுற்றும், சூட்டைக் காற்றில் விடும் ரேடியேட்டர் பக்கம் போகாது. அது மூடாமல் திறந்தே கிடந்தால் ஹைவே காற்றில் இன்ஜின் 70-ஐத் தாண்டாது. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியு இன்னும் வண்டி சூடேறவில்லை என்று நினைத்துக் கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே இருக்கும், ஆயிலும் கெட்டியாகவே இருக்கும். மைலேஜ் அங்கேதான் போகிறது.

அப்புறம் இன்னொன்று. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அடியில் வெளுத்த காபி நிறத்தில் பிசுபிசுவென்று ஒரு படிவம். இதைப் பார்த்ததும் "ஹெட் கேஸ்கட் போச்சு, தலையைக் கழட்டணும்" என்று சொல்லாத ஆளைக் காண்பது அரிது (ஹெட் என்பது இன்ஜினின் மேல் பாகம், அதற்கும் கீழ்ப் பாகத்துக்கும் நடுவில் கூலன்ட்டும் ஆயிலும் கலக்காமல் அடைத்து நிற்பதுதான் கேஸ்கட்). ஆனால் ஆயில் சரியான சூட்டுக்கே வராத வண்டியில், எரிபொருள் எரிந்து வரும் நீராவி ஆவியாகிப் போகாமல் மூடியின் அடியில் படிந்து இதே கோலத்தைத்தான் காட்டும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன், ஆயில் சுத்தமாக இருந்தது. கேஸ்கட் பயத்தை அத்தோடு விடவில்லை. பழக்கமான ஒரு மெக்கானிக்கிடம் நீல நிறத் திரவம் ஊற்றிப் பார்க்கும் டெஸ்டர் இருந்தது, அதை ரேடியேட்டர் வாயில் வைத்து அங்கே இருக்கிற காற்றை அந்தத் திரவத்தின் வழியாக இழுத்தால், எரிந்த புகை கூலன்ட்டில் கலந்திருக்கும் பட்சத்தில் அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு நீலத்தை மஞ்சளாக்கிவிடும். நீலம் நீலமாகவே இருந்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி ஹீட் ஆகிறது என்றால் வேறு எதையும் மாற்றுவதற்கு முன்னால் இந்த ஒன்றைப் பார்த்துவிடுங்கள். கேஸ்கட் போயிருந்தால் ரேடியேட்டரில் போடுகிற காசெல்லாம் வீண்.

அடுத்து, முள்ளை நம்பாமல் நிஜமான எண்ணைப் பார்ப்பது. இன்றைய வண்டிகள் பலவற்றில் டெம்பரேச்சர் முள் ஒரு பொய்யன். கூலன்ட் 75-இல் இருந்தாலும் 105-இல் இருந்தாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருப்பார்கள், ஓட்டுபவர் பதறக்கூடாது என்று. சில வண்டிகளில் முள்ளே கிடையாது, குளிராக இருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். ஸ்டியரிங்குக்கு அடியில், ஈசியு வைத்திருக்கும் எண்களைப் படிப்பதற்கென்று இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் ப்ளூடூத் அடாப்டர் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது, செல்போனில் ஒரு இலவச ஆப் போதும், கூலன்ட் சூடு டிகிரி கணக்கில் வந்துவிடும்.

அந்த எண்ணும் சரிதானா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்து, கூலன்ட் சூட்டையும் இன்ஜின் உறிஞ்சும் காற்றின் சூட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் வெளிக்காற்றின் சூட்டுக்கு வந்திருக்க வேண்டும். இங்கே 26, 27 காட்டின. சென்சார் யோக்கியம். ஒன்று 26, இன்னொன்று 45 என்று வந்தால் முதலில் சென்சாரையும் அதன் கனெக்டரையும் பார்க்க வேண்டும். மல்டிமீட்டர் இருந்தால் ஓம்ஸில் வைத்தும் பார்க்கலாம், பல வண்டிகளின் சென்சாரில் 20 டிகிரியில் இரண்டரை கிலோ ஓம் பக்கம் வரும், 80 டிகிரியில் 300 ஓம் பக்கம் இறங்கிவிடும்.

ஸ்டார்ட் செய்துவிட்டு பானட்டைத் திறந்து வைத்து ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுக்கொண்டே நின்றேன் (ஃபேன், பெல்ட் பக்கம் கை போகக்கூடாது, துண்டு, கயிறு எதுவும் தொங்கக்கூடாது). இந்த இன்ஜினில் தெர்மோஸ்டாட் மேல் ஹோஸ் சேரும் இடத்தில் இருக்கிறது. நல்ல வண்டியில் கூலன்ட் 80 வரும்வரை அந்த ஹோஸ் கிட்டத்தட்ட குளிராகவே இருக்கும், வால்வு திறந்ததும் திடீரென்று கை வைக்க முடியாத சூடு வரும். இங்கே அப்படி எந்தத் திடீரும் இல்லை. இன்ஜின் 40 என்றால் ஹோஸும் இளஞ்சூடு, 50 என்றால் இன்னும் கொஞ்சம், இரண்டும் சேர்ந்தே ஏறின. வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டிருக்கிறது, அல்லது வால்வே இல்லை.

ஹைவேயில் ஓட்டிப் பார்த்தபோது 64-க்கும் 68-க்கும் நடுவில் நின்றது. இந்த மாதிரி நிலையில் பல வண்டிகளில் பி0128 என்ற பழுதுக் குறியீடு ஈசியுவில் விழும், கூலன்ட் தெர்மோஸ்டாட்டுக்கு உரிய சூட்டைத் தொடவில்லை என்று பொருள். இந்த வண்டியில் எந்தக் குறியீடும் இல்லை, இன்ஜின் விளக்கும் எரியவில்லை. விளக்கு எரியாததால் கோளாறு இல்லை என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம்.

மலையில் வேறு கதை. ஏசி போட்டு இரண்டாம் கியரில் ஏறும்போது 90, 98, 103 என்று நிற்காமல் ஏறி, குன்னூரை நெருங்கும்போது 107. ஏசியை அணைத்ததும் மெல்ல இறங்கியது. எப்போது சூடாகிறது என்பதுதான் பாதி விடை. நின்றால் சூடாகி ஓடினால் ஆறுகிறது என்றால் ஃபேன் பக்கம் போக வேண்டும், கோவை காந்திபுரம் சிக்னலில் கொதித்து ஹைவேயில் அடங்குகிற வண்டிகள் பெரும்பாலும் இந்த வகை. வேகத்திலும் சுமையிலும் சூடானால் ரேடியேட்டர், வாட்டர் பம்ப், கேஸ்கட். மலை ஏற்றம் குழப்பமான இடம், சுமையும் அதிகம், வேகம் 25, 30 தான் என்பதால் முன்னாலிருந்து வரும் காற்றும் குறைவு, எனவே இரண்டு பக்கமும் சந்தேகிக்கலாம். ஃபேனைத் தனியாகப் பிரிக்க வண்டியை வாசலில் நிறுத்தி ஏசி இல்லாமல் ஐடிலில் விட்டேன். 97-இல் ஃபேன் ஓடியது, 92-இல் நின்றது, திரும்பத் திரும்ப அப்படியே. ஃபேன், ரிலே, வயரிங் எல்லாம் நலம்.

சரி, திறந்து பார்த்துவிடலாம். இன்ஜின் முழுக்க ஆறிய காலையில்தான் இதைச் செய்ய வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் அழுத்தம் விட்டதும் உள்ளே இருப்பது அப்படியே கொதித்து முகத்துக்குத்தான் வரும். அடியில் பேசின் வைத்துக் கூலன்ட்டை இறக்கினேன். வந்தது கூலன்ட்டே இல்லை, பழுப்புத் தண்ணீர். கிளாம்பை நகர்த்தி மேல் ஹோஸைக் கழற்றி, தெர்மோஸ்டாட்டை மூடியிருக்கும் ஹவுசிங்கின் இரண்டு 10 எம்எம் போல்ட்டை எடுத்தால் உள்ளே காலி. தெர்மோஸ்டாட் உட்கார வேண்டிய பள்ளத்தில் சிலிக்கான் பேஸ்ட் மட்டும் தாராளமாகத் தடவியிருந்தது, உள்பக்கம் பிதுங்கிக் காய்ந்த துண்டுகள் வேறு. ஹவுசிங் கழுத்தில் வெள்ளையாக உப்பு படிந்திருந்தது.

யாரோ வேண்டுமென்றே எடுத்துவிட்டிருக்கிறார்கள். ஏன் எடுப்பார்கள் என்று நம் ஊரில் வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். "ஏனுங் தம்பி, நம்மூரு வெயிலுக்கு அந்த வால்வு எதுக்குங்க, அதப் புடுங்கிட்டா தண்ணி ஃப்ரீயா ஓடும், ஹீட்டே ஆகாது" என்று எனக்கே ஒரு பட்டறையில் சொல்லியிருக்கிறார்கள். வண்டி ஹீட் ஆகிறது என்று வாடிக்கையாளர் வருவார், வால்வை எடுத்தால் ஊருக்குள் ஓட்டும்போது முள் இறங்கிவிடும், அவர் சந்தோஷமாகப் போய்விடுவார். ஹீட் ஆன காரணம் அப்படியே உள்ளே இருக்கும். இந்த வண்டியில் ஹைவேயின் குளிர்ச்சி அந்த வைத்தியத்தால் வந்தது, மலையின் சூடு அதற்கு முந்தைய நோயால் வந்தது.

வால்வை எடுத்தால் மலையிலும் குளிர வேண்டாமா என்று கேட்கலாம். தண்ணீர் வேகமாக ஓடினால் ரேடியேட்டரில் சூட்டை இறக்க நேரம் கிடைக்காது என்று சிலர் விளக்கம் சொல்வார்கள், அது சரியில்லை. ஓட்டம் கூடினால் ரேடியேட்டர் கூடுதலான சூட்டைத்தான் வெளியேற்றும். விஷயம் வேறு. இந்த இன்ஜினின் தெர்மோஸ்டாட்டில் இரண்டு தட்டுகள் உண்டு. மேல் தட்டு ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போது, கீழ்த் தட்டு இன்ஜினுக்குள்ளேயே சுற்றும் குறுக்கு வழியை மூடும். முழுச் சூட்டில் எல்லாக் கூலன்ட்டும் ரேடியேட்டருக்குப் போயே ஆக வேண்டும் என்பதற்கு அந்த ஏற்பாடு. தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டால் குறுக்கு வழியை மூட ஆள் இல்லை. கூலன்ட்டில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே பம்புக்குத் திரும்பிவிடும். சமதளத்தில் இது தெரியாது, மலையில் முழுசாகத் தேவைப்படும் நேரத்தில் காலை வாரும். எல்லா இன்ஜினிலும் இந்த இரட்டைத் தட்டு கிடையாது, அதனால்தான் "நான் எடுத்துட்டு பல வருஷமா ஓட்டறேன், ஒண்ணும் ஆகல" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய் இல்லை, இன்ஜின் வேறு.

புதுத் தெர்மோஸ்டாட்டை மாட்டுவதற்கு முன் அடுப்பில் சோதித்தேன். பாத்திரத்தில் தண்ணீர், தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி அடியைத் தொடாமல் தொங்கவிட வேண்டும், பக்கத்தில் தெர்மாமீட்டர். வால்வின் வாயில் நூலைச் செருகித் தொங்கவிட்டால் இன்னும் நல்லது, திறக்க ஆரம்பிக்கும் நொடியில் தானாக நூலை விட்டு விழும். 83-இல் விழுந்தது. கொதிக்கிற தண்ணீரில் முழுசாகத் திறந்து, ஆறும்போது தயக்கமில்லாமல் மூடிக்கொண்டது. புதுசுதானே, எதற்குச் சோதனை என்று தோன்றும். கடையில் கொடுக்கும் டூப்ளிகேட் சரக்கு பற்றித் தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள். ஒரு வேடிக்கை, இந்தச் சோதனையை ஊட்டியில் செய்தால் பாதிதான் நடக்கும். 2,200 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்கு முன்னாலேயே கொதித்துவிடும், 95-ஐத் தொடவே தொடாது, நல்ல தெர்மோஸ்டாட்கூட முழுசாகத் திறக்காததாகத் தெரியும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது அதன் விளிம்பில் இருக்கும் குட்டி ஓட்டை, அதில் ஒரு சின்ன ஊசி ஆடிக்கொண்டிருக்கும். சிக்கிய காற்று வெளியேற அது மேல் பக்கம் பார்த்து இருக்க வேண்டும். சுற்றிலும் ரப்பர் வளையம் வருகிறது, சிலிக்கான் பேஸ்ட் தேவையே இல்லை. பழைய பேஸ்ட்டை பிளாஸ்டிக் பட்டையால் சுரண்டினேன், அலுமினியத்தில் இரும்பு போட்டால் கீறல் விழும், கீறல் விழுந்தால் கசியும். போல்ட்டை வெறி கொண்டு முறுக்கக்கூடாது, அலுமினியத்தில் மரை போனால் அது தனிச் செலவு.

இப்போதைக்கு வெறும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி ஓட்டிப் பார்த்ததில் ஹைவேயில் 84-இலிருந்து 88, அசையவில்லை. மலையில் 104. முன்பைவிடக் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் பழைய நோய் அங்கேயேதான் இருக்கிறது.

ரேடியேட்டரை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் பார்த்தேன். பளபளக்கும் அலுமினியத்தில் அது நிஜத்தைவிடக் குறைவாகக் காட்டும், எனவே கறுப்பு இன்சுலேஷன் டேப்பைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் ஒட்டி, டேப்பின் மேல் குறி வைக்க வேண்டும். நல்ல ரேடியேட்டரில் சூடு நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம்வரை படிப்படியாகக் குறையும். இங்கே மேல் பாதி 90-இலிருந்து ஒழுங்காக இறங்கி வந்தது, கீழே மூன்றில் ஒரு பங்கு 50 சொச்சம், அங்கே கூலன்ட் ஓடவே இல்லை. குழாய்கள் உப்பால் அடைத்திருக்கின்றன. சிறுவாணித் தண்ணீர் ஊற்றியிருந்தால்கூட இவ்வளவு மோசமாகியிருக்காது என்று நினைக்கிறேன், இது போர் தண்ணீர். குறையக் குறைய பக்கெட்டில் மொண்டு ஊற்றியிருக்கிறார்கள்.

வெளியிலும் கதை அதேதான். ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவிலுள்ள சந்தில் தூசி, பஞ்சு, பூச்சி எல்லாம் சேர்ந்து கெட்டியாகப் படிந்திருந்தது. முன்னால் நின்று பார்த்தால் தெரியாது, மேல் கிளிப்பைக் கழற்றி ரேடியேட்டரைச் சாய்த்தால்தான் தெரியும். இதை இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, சாதாரண ஹோஸ் அழுத்தத்தில் கழுவ வேண்டும், சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் வாஷரை அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி இருக்கிற காற்று வழியும் அடைபடும்.

உள் அடைப்புக்கு ஆசிட் ஊற்றிக் கழுவலாம் என்று யோசனை வந்தது. எனக்கு உடன்பாடில்லை. பழைய பித்தளை ரேடியேட்டராக இருந்தால் தொட்டியைப் பிரித்து ராடு விட்டுக் குத்தி எடுப்பார்கள். இது அலுமினியக் கோர், இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் தொட்டி, குழாய்கள் மெல்லிய பிளவுகள். பெயர்ந்த உப்புச் செதில் ஹீட்டர் கோரில் (வண்டிக்குள் சூடான காற்று தரும் குட்டி ரேடியேட்டர்) போய் அடைத்தால் டேஷ்போர்டையே கழற்ற வேண்டி வரும். புது ரேடியேட்டர் நாலாயிரம் சொச்சம், வாங்கிவிட்டோம்.

அப்புறம் ரேடியேட்டர் மூடி. நூறு இருநூறு ரூபாய்ச் சாமானை யாரும் மதிப்பதில்லை. இந்த வண்டியின் மூடியில் 1.1 என்று போட்டிருக்கிறது, அதாவது 1.1 பார் அழுத்தம்வரை தாங்கிப் பிடிக்க வேண்டும். கைப் பம்பில் வைத்து ஏற்றினால் 0.6-லேயே விட்டுவிட்டது. கணக்கைப் பாருங்கள்: குன்னூர் 1,850 மீட்டர், அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 டிகிரியில் கொதிக்கும். 1.1 பார் மூடி ஒழுங்காக இருந்தால் வெறும் தண்ணீர்கூட 118 பக்கம்வரை தாங்கும். 0.6-இல் விட்டுவிடும் மூடியோடு 110 தான். நாங்கள் பார்த்தது 107. ஹெட்டுக்குள் சில இடங்கள் சென்சார் இருக்கும் இடத்தைவிடச் சூடு அதிகம் என்பதையும் சேர்த்துக்கொண்டால், கொதிக்காமல் வீடு வந்தது அதிர்ஷ்டம். மூடியில் உள்பக்கமாகத் திறக்கும் குட்டி வால்வு ஒன்றும் உண்டு, வண்டி ஆறும்போது ரிசர்வ் தொட்டியிலிருந்து கூலன்ட்டைத் திரும்ப இழுக்க. அது ஒட்டிக்கொண்டால் காலையில் மேல் ஹோஸ் சப்பிப் போய்க் கிடக்கும். அதைப் பார்த்தால் ஹோஸை மாற்றாதீர்கள், மூடியை மாற்றுங்கள்.

கடைசியாகக் கூலன்ட். கான்சன்ட்ரேட் ஒரு பங்கு, டிஸ்டில்டு வாட்டர் ஒரு பங்கு. பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறத்தைப் பார்த்து வாங்க வேண்டாம், நிறத்துக்கு எந்தப் பொது விதியும் கிடையாது, வண்டிப் புத்தகத்தில் எந்த வகை என்று இருக்கிறதோ அதுதான். வாசலில் இருக்கும் சின்ன ஏற்றத்தில் முன்பக்கம் உயரமாக நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடியில்லாமல் ஐடிலில் விட்டு மெதுவாக ஊற்றினேன். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும், மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டால் குமிழ் வரும், குமிழ் நிற்கும்வரை பொறுமை வேண்டும். ஹீட்டரில் சூடான காற்று வரவில்லை என்றால் உள்ளே இன்னும் காற்று சிக்கியிருக்கிறது. இறங்கிய அளவுக்கு ஏறியதா என்று பார்த்துக்கொள்வதும் நல்லது. இறக்கிய பழசை மூடி போட்ட கேனில் பிடித்து வைத்தேன். நல்ல கூலன்ட்டாக இருந்தால் இது இன்னும் முக்கியம், எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், தெரு நாய் நக்கினால் செத்துவிடும்.

இப்போது ஏசி போட்டுக் குன்னூர் ஏறினால் 96, 98. ஹைவேயில் 86. மைலேஜ் 16-க்கு மேல் வருகிறது, ஆயில் மூடியின் அடியிலிருந்த படிவமும் துடைத்த பிறகு திரும்பவில்லை. மிச்சம் இருக்கும் ஒரே சந்தேகம் வாட்டர் பம்ப், அதன் அடியில் இருக்கும் கசிவு ஓட்டையைச் சுற்றி லேசான காய்ந்த கறை தெரிகிறது, ஈரம் இல்லை. இத்தனை வருடம் போர் தண்ணீரில் சுழன்ற சீல் என்பதால் பெரிய நம்பிக்கையும் இல்லை. டார்ச் அடித்து அவ்வப்போது பார்க்கச் சொல்லியிருக்கிறேன், ஈரம் தெரிந்தால் பெல்ட் மாற்றும்போதே பம்பையும் சேர்த்து மாற்றிவிட வேண்டியதுதான்.